விலை மாறும் வேகமும் வணிகம் மாறும் வேகமும்

ஒரு நாட்டின் நாணயம் மதிப்பிழக்கும்போது அந்த நாட்டின் பொருட்கள் வெளிநாட்டவருக்கு மலிவாகவும், வெளிநாட்டுப் பொருட்கள் உள்நாட்டவருக்கு விலை கூடியதாகவும் ஆகின்றன என்பதும், அதனால் ஏற்றுமதி வளர்ந்து இறக்குமதி சுருங்கி வர்த்தக நிலுவை சீரடையும் என்பதும் பொருளியலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. வர்த்தக நிலுவை என்பது ஒரு நாடு விற்ற பண்டங்களின் பெறுமதியிலிருந்து வாங்கிய பண்டங்களின் பெறுமதியைக் கழித்தால் கிடைக்கும் தொகை; வாங்கியது மிஞ்சினால் அது பற்றாக்குறை எனப்படும். பாடத்தில் பிழை இல்லை. ஆனால் நாணயத்தின் மதிப்பு ஒரே நாளில் மாறிவிடுகிறது. மக்கள் வாங்கும் அளவும் விற்கும் அளவும் மாறுவதற்கு மாதங்களும் சில வேளைகளில் ஆண்டுகளும் ஆகின்றன. இடைப்பட்ட அந்தக் காலத்தில் பற்றாக்குறையை யார், எதைக் கொடுத்துக் குறைக்கிறார்கள் என்பதைப் பாடம் சொல்வதில்லை. 2022ஆம் ஆண்டு இலங்கையில் நிகழ்ந்தது இந்தக் கேள்விக்குத் தெளிவான விடையைத் தருகிறது. அந்த விடையைக் கொழும்புத் துறைமுகத்தின் கணக்கேடுகளில் தேடுவதைவிட, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கி நீளும் அம்பாறைக் கரையோரத்தில் தேடுவது பயன் தரும். நாட்டின் ஏற்றுமதிப் பட்டியலில் முதலிடங்களில் இருக்கும் தைத்த ஆடையும் தேயிலையும் இக்கரையின் தொழில்கள் அல்ல. இங்கு விளைவது நெல்லும் மீனும் கைத்தறித் துணியும். வெளியே செல்வது மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கப் போகும் மனிதர். ஆயினும் டொலரின் விலை மாறியபோது இந்த நான்கும் அசைந்தன.

மதிப்பிறக்கம் என்பது, ஓர் அரசு நிலையாக வைத்திருந்த நாணயமாற்று வீதத்தைத் தானே அறிவித்துக் குறைப்பது. சந்தையின் போக்கில் நாணயம் தானாக வலுவிழப்பது தேய்வு. இலங்கையில் 2022இல் நிகழ்ந்தது இரண்டும் கலந்த ஒன்று. 2021இன் பிற்பகுதியிலிருந்து இலங்கை மத்திய வங்கி ஒரு டொலரை ஏறத்தாழ 200 ரூபாவில் பிடித்து வைத்திருந்தது. அவ்வாறு பிடித்து வைக்கக் கையிருப்பில் டொலர் வேண்டும், கையிருப்போ கரைந்துகொண்டிருந்தது. 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி 230 ரூபா வரை இடமளிப்பதாக அறிவித்தது. சில நாட்களிலேயே அந்த எல்லையும் கைவிடப்பட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. அதற்கிடையில், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசு அறிவித்திருந்தது. மே மாதத் தொடக்கத்தில் பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என அன்றைய நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் கூறினார்.

200 என்பது 360 ஆனதை இரண்டு விதமாகச் சொல்லலாம். டொலரின் ரூபா விலை 80 சதவீதம் உயர்ந்தது என்பது ஒன்று. ரூபாவின் டொலர் மதிப்பு ஏறத்தாழ 44 சதவீதம் வீழ்ந்தது என்பது மற்றது. செய்திகள் பெரும்பாலும் இரண்டாவது எண்ணையே சொல்கின்றன. வீட்டுக்குச் சாமான் வாங்குபவரைத் தாக்குவது முதலாவது எண்.

மதிப்பிறக்கத்தின் விளைவு காலத்தில் எவ்வாறு விரிகிறது என்பதை விளக்கப் பொருளியலாளர் ஒரு வரைபடத்தைப் பயன்படுத்துகின்றனர். கிடை அச்சில் காலத்தையும் நிலை அச்சில் வர்த்தக நிலுவையையும் குறித்தால், கோடு முதலில் கீழே இறங்கி, வளைந்து, பின்னர் தொடங்கிய இடத்தைவிட உயரமாக எழுகிறது. ஆங்கில எழுத்தான ஜேயின் வடிவத்தை ஒத்திருப்பதால் இது ஜே வளைகோடு எனப்படுகிறது. முதலில் இறங்குவதன் காரணம் எளியது: மதிப்பிறக்கத்துக்கு முன் எழுதப்பட்ட ஒப்பந்தங்களின்படி கப்பல்கள் வந்துகொண்டே இருக்கின்றன; அதே அளவு எண்ணெய்க்கும் கோதுமைக்கும் இப்போது கூடுதல் உள்நாட்டுப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது; ஏற்றுமதியோ இன்னும் கூடவில்லை. 1967 நவம்பரில் பிரித்தானியா பவுணின் மதிப்பை 14.3 சதவீதம் குறைத்தபோது இது பெரிய அளவில் கவனத்துக்கு வந்தது. நிலுவை உபரிக்குத் திரும்ப 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே நவம்பரில் இலங்கையும் ரூபாவின் மதிப்பை 20 சதவீதம் குறைத்து, டொலரை 4.76 ரூபாவிலிருந்து 5.95 ரூபாவுக்குக் கொண்டுவந்தது. அக்காலத்தில் தேயிலையும் இறப்பரும் தெங்குப் பொருட்களுமே முதன்மை ஏற்றுமதி. நாணயம் மலிந்தது என்பதற்காகத் தேயிலைச் செடி கூடுதலாகத் துளிர்ப்பதில்லை. புதிதாக நட்ட செடி பயன்தரச் சில ஆண்டுகள் ஆகும்.

ஹெலன் ஜுன்ஸ், ருடோல்ஃப் ரோம்பர்க் என்னும் இரு பொருளியலாளர்கள் 1973இல் இந்தத் தாமதத்தைப் பகுத்து ஆராய்ந்தனர். விலை மாறியதை வணிகர் உணர ஒரு காலம், புதிய விற்பனையாளரைத் தேடி முடிவெடுக்க ஒரு காலம், பண்டம் வந்து சேர ஒரு காலம், பழைய இருப்பும் இயந்திரமும் தீர்ந்து புதியவை இடம்பிடிக்க ஒரு காலம், உற்பத்தியையே பெருக்க ஒரு காலம் எனத் தாமதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. அம்பாறையில் இந்தக் காலங்களுக்கு வேறு அளவைகள் உண்டு. நெல்லுக்கு அது போகம்: அக்டோபர் வாக்கில் தொடங்கி மாரி மழையை நம்பி நடக்கும் பெரும்போகமும், சேனநாயக்க சமுத்திரத்தின் நீரை நம்பிய சிறுபோகமும் ஆண்டுக்கு இரண்டே தீர்மானங்களை அனுமதிக்கின்றன. மார்ச்சில் டொலர் ஏறினால், அதற்குப் பதிலாகக் கூடுதல் நெல்லை விளைவிக்க எண்ணும் விவசாயி அடுத்த விதைப்பு வரை காத்திருக்க வேண்டும்; விதைத்த பின் அறுவடைக்கும் காத்திருக்க வேண்டும்.

ஜே வளைகோட்டின் பாடநூல் வடிவம் ஓர் எடுகோளைத் தன்னுள் மறைத்து வைத்திருக்கிறது. ஏற்றுமதியாளர் தம் பண்டத்தின் விலையைத் தம் நாட்டு நாணயத்தில் குறிக்கிறார் என்பதே அது. பிரித்தானிய உற்பத்தியாளர் பவுணில் விலை சொன்னதால், பவுண் இறங்கியதும் அவருடைய பண்டம் அமெரிக்கருக்கு மலிந்தது. இலங்கையின் ஆடைத் தொழிற்சாலை நியூயோர்க்கில் உள்ள வாங்குநரிடம் ரூபாவில் விலை சொல்வதில்லை. ஒரு சட்டைக்கு டொலரில் ஒப்பந்தம் செய்கிறது. ரூபா இறங்கினாலும் அந்த டொலர் விலை உடனே மாறுவதில்லை, எனவே வாங்குநர் கூடுதலாக வாங்க உடனடிக் காரணமும் எழுவதில்லை. உலக வணிகத்தின் பெரும்பகுதி டொலரில் விலையிடப்படுவதையும், அதனால் சிறிய நாடுகளின் மதிப்பிறக்கம் ஏற்றுமதியைப் பெருக்குவதைவிட இறக்குமதியைச் சுருக்குவதன் வழியாகவே நிலுவையை மாற்றுகிறது என்பதையும் கீதா கோபிநாத்தும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் அண்மைக் காலத்தில் விரிவாகக் காட்டியுள்ளனர்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது நெகிழ்ச்சி. விலை ஒரு சதவீதம் மாறும்போது வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதே நெகிழ்ச்சி எனப்படும். ஏற்றுமதியின் நெகிழ்ச்சியும் இறக்குமதியின் நெகிழ்ச்சியும் சேர்ந்து ஒன்றைத் தாண்டினால்தான் மதிப்பிறக்கம் நிலுவையைச் சீராக்கும் என்பது, அல்ஃபிரட் மார்ஷல், அப்பா லேர்னர் ஆகியோரின் பெயரால் வழங்கும் நிபந்தனை. எரிபொருள், மருந்து, கோதுமை, பால்மா, பசளை ஆகியவற்றை வெளியிலிருந்து வாங்கும் நாட்டில் இறக்குமதியின் நெகிழ்ச்சி குறைவு; விலை ஏறினாலும் மக்கள் இயன்றவரை வாங்கவே செய்வார்கள். 2021இல் 3.7 பில்லியன் டொலராக இருந்த இலங்கையின் எரிபொருள் இறக்குமதிச் செலவு, எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசைகள் நீண்ட 2022இல் 4.9 பில்லியன் டொலராக உயர்ந்தது. உக்ரைன் போரால் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியதே இதன் முதன்மைக் காரணம். ரூபா வீழ்ந்த அதே மாதங்களில் டொலர் விலையும் ஏறியதால், இரட்டைச் சுமை இறங்கியது.

இத்தனைக்குப் பிறகும் 2022இல் இலங்கையின் வர்த்தகப் பற்றாக்குறை விரியவில்லை, சுருங்கியது. 2021இல் ஏற்றுமதி 12.5 பில்லியன், இறக்குமதி 20.6 பில்லியன், பற்றாக்குறை 8.1 பில்லியன் டொலர். 2022இல் ஏற்றுமதி 13.1 பில்லியன், இறக்குமதி 18.3 பில்லியன், பற்றாக்குறை 5.2 பில்லியன். 2023இல் ஏற்றுமதி 11.9 பில்லியனாகக் குறைந்தபோதும், இறக்குமதி 16.8 பில்லியனாக மேலும் வீழ்ந்ததால் பற்றாக்குறை 4.9 பில்லியனுக்கு இறங்கியது. ரூபா வலுவிழந்திருந்த காலத்தில் ஏற்றுமதி கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்; அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆடைகளுக்கான கேள்வி தளர்ந்திருந்தது, மலிந்த ரூபாவால் அதை ஈடுசெய்ய இயலவில்லை. இரண்டு ஆண்டுகளில் பற்றாக்குறையில் ஏற்பட்ட 3.2 பில்லியன் டொலர் குறைவு முழுவதும் இறக்குமதி வெட்டப்பட்டதால் வந்ததே. டொலர் இல்லாததால், இறக்குமதிக்குப் பணம் தர உறுதியளிக்கும் கடன் கடிதங்களை வங்கிகளால் திறக்க முடியவில்லை. 2022 மார்ச்சில் 367 வகைப் பண்டங்களுக்கு இறக்குமதி உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. நாட்டின் மொத்த உற்பத்தி அவ்வாண்டில் 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. வருமானம் சுருங்கியவர் குறைவாக வாங்கினார். மத்திய வங்கியின் அட்டவணையில் இது முன்னேற்றமாகப் பதிவாகிறது.

அதே பற்றாக்குறையை ரூபாவில் கணக்கிட்டால் வேறொரு காட்சி தெரிகிறது. 2021இல் 8.1 பில்லியன் டொலர் என்பது, டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா வீதம், 1.6 டிரில்லியன் ரூபா. 2022இல் 5.2 பில்லியன் டொலர், ஆண்டுச் சராசரி 320 ரூபாவுக்குச் சற்று மேல் என்னும் வீதத்தில், மீண்டும் 1.6 முதல் 1.7 டிரில்லியன் ரூபா. டொலரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த இடைவெளி, ரூபாவில் சற்றும் குறையவில்லை. ரூபாவில் சம்பாதித்து ரூபாவில் செலவழிக்கும் குடும்பத்துக்கு, முன்பைவிடக் குறைந்த பண்டங்களுக்கு முன்பு கொடுத்த அளவு பணத்தைக் கொடுக்க நேர்ந்தது என்பதே இதன் பொருள்.

கரையோரத்தில் இந்தச் சுருக்கம் ஒரே வேகத்தில் வந்து சேரவில்லை. ஒரு லீற்றர் டீசல் 2022இன் தொடக்கத்தில் 121 ரூபா; மார்ச்சில் 176, ஏப்ரலில் 289, மே மாதத்தில் 400, ஜூன் இறுதியில் 460. கல்முனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் பல நாட்கள் கடலில் தங்கும் ஆழ்கடல் படகுகளுக்கு இது உடனடி அடி. கரைக்கு அருகே தொழில் செய்யும் சிறிய இயந்திரப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. அதன் விலையை அரசு 87 ரூபாவில் வைத்திருந்ததால், எண்ணெய் கிடைக்காமல் தவித்த நாட்களைத் தவிர, விலையேற்றம் அவற்றில் தொழில் செய்வோரை ஐந்து மாதங்கள் எட்டவில்லை. ஆகஸ்டில் அது ஒரே அறிவிப்பில் 340 ரூபாவாக்கப்பட்டது. ரூபாவின் வீழ்ச்சி, உலக விலை, நீக்கப்பட்ட மானியம் ஆகிய மூன்றும் ஒரே இரவில் படகுக்காரரின் தலையில் இறங்கின. மதிப்பிறக்கம் உள்நாட்டு விலைகளில் எவ்வளவு, எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதைக் கடத்தல் என்று பொருளியலார் குறிப்பிடுவர். நிருவாக ஆணைகளால் விலையிடப்படும் பண்டங்களில் கடத்தல் தாமதமாகிறது, தாமதமான பின் மொத்தமாக வருகிறது. அந்த ஆண்டில் முஸ்லிம்களின் நோன்பு மாதம் ஏப்ரலில், அதாவது வீதம் தளர்த்தப்பட்ட சில வாரங்களுக்குள் வந்தது. கஞ்சிக்கு வேண்டிய எரிவாயுவும் நோன்பு திறக்கும் பேரீச்சம்பழமும் டொலரில் வாங்கப்படுபவை என்பதைக் கரையோரக் குடும்பங்கள் அப்போது கடுமையாகவே உணர்ந்தன.

வயல் இன்னும் சிக்கலானது. அம்பாறையின் நெல் ஏற்றுமதியாவதில்லை. அது தீவின் ஏனைய பகுதிகளை ஊட்டுவதன் மூலம் அரிசி இறக்குமதியைத் தடுக்கிறது. ஆகவே வர்த்தக நிலுவையில் அதன் பங்கு எந்த வரிசையிலும் எழுதப்படுவதில்லை, இறக்குமதி நடக்காமல் இருப்பதாகவே அது இருக்கிறது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, 2022இல் அரிசியையே பெருமளவில் இறக்குமதி செய்ய நேர்ந்தபோதுதான் அந்தப் பங்கு கண்ணுக்குத் தெரிந்தது. டொலரைச் சேமிக்க உதவும் என்றும் எதிர்பார்க்கப்பட்ட தடை, டொலரை அரிசிக்குச் செலவழிக்க வைத்தது. தடை நீங்கிய பின், முன்பு நெல்லுக்கு இலவசமாக வழங்கப்பட்ட யூரியா, 2022இல் அரச விலையிலேயே 50 கிலோ மூடை 10,000 ரூபாவுக்கு விற்றது. மலிந்த ரூபா உள்நாட்டு அரிசியை வெளிநாட்டு அரிசிக்கு எதிராக வலுப்படுத்தும் என்னும் தர்க்கம் சரியானதே. ஆனால் அந்த அரிசியை விளைவிக்கும் பசளையும் உழவு இயந்திரத்தின் டீசலும் அதே டொலரில் வருவதால் வலிமையின் பெரும்பகுதி வழியிலேயே தேய்ந்துவிடுகிறது.

மருதமுனையின் தறிகளைக் கொண்டு இதைக் கணக்காகவே பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். இறக்குமதியாகும் ஒரு சாரத்தின் விலை 1,000 ரூபா என்றும், அதே விலைக்கு மருதமுனையில் நெய்யப்படும் சாரத்தில் 600 ரூபா வெளிநாட்டிலிருந்து வரும் நூலுக்கும் சாயத்துக்கும், 400 ரூபா நெசவாளரின் உழைப்புக்கும் என்றும் கொள்ளலாம். டொலர் 80 சதவீதம் ஏறினால் இறக்குமதிச் சாரம் 1,800 ரூபாவாகும். உள்ளூர்ச் சாரத்தின் நூற்செலவு 1,080 ஆகி, கூலி மாறாவிட்டால் மொத்தம் 1,480 ரூபாவாகும். உள்ளூர்ச் சாரத்துக்கு 320 ரூபா அனுகூலம் பிறக்கிறது. ஆனால் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டம்பரில் பணவீக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 சதவீதம், உணவு விலைகளில் அதைவிட மிகக் கூடுதல். நெசவாளர் முன்பு உண்டதையே உண்ண வேண்டுமானால் அவருடைய 400 ரூபா 680 ஆக வேண்டும். அப்போது சாரத்தின் விலை 1,760, அனுகூலம் வெறும் 40 ரூபா. உள்நாட்டு விலையேற்றத்தைக் கழித்துப் பார்க்கும் இந்த வீதத்தையே மெய் நாணயமாற்று வீதம் என்பர். வணிகத்தை நகர்த்துவது பெயரளவு வீதம் அன்று, இதுவே. மதிப்பிறக்கத்தின் போட்டி வலிமை நீடிக்க வேண்டுமானால் நெசவாளரின் கூலி விலைகளுக்குப் பின்னால் தங்க வேண்டும் என்ற கசப்பான உண்மை இந்தக் கணக்கில் இருக்கிறது. 2022இல் பெரும்பாலும் நடந்ததும் அதுவே.

மதிப்பிறக்கம் மட்டுமே நிலுவையின் போக்கைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இலங்கையின் வரலாற்றிலேயே மறுபக்கச் சான்று உண்டு. 1977 நவம்பரில் ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு இரட்டை நாணயமாற்று வீதங்களை ஒன்றாக்கி டொலரை 16 ரூபாவில் தொடங்கவிட்டது. அதிகாரபூர்வ வீதத்தோடு ஒப்பிட்டால் அதுவும் பெரிய மதிப்பிறக்கமே. ஆனால் அதே வேளையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன, மகாவலி போன்ற பெருந்திட்டங்களுக்கு வெளிநாட்டுப் பணம் வந்தது, பற்றாக்குறை சுருங்குவதற்குப் பதிலாகப் பெருகியது. 1980இல் நடைமுறைக் கணக்கின் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 16 சதவீதத்தை எட்டியது. ரூபா மலிந்தும், திறந்த கதவால் வந்த துணிகளின் முன் நாட்டின் கைத்தறித் தொழில் நலிந்தது. 1977இல் கதவு திறந்திருந்தது, 2022இல் மூடியிருந்தது; கருவி ஒன்று, விளைவுகள் எதிரெதிர்.

நடைமுறைக் கணக்கு என்பது பண்ட வணிகத்தோடு சேவைகளையும், வட்டி போன்ற வருமானங்களையும், வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணத்தையும் சேர்த்த விரிந்த கணக்கு. அம்பாறைக் கரை நாட்டின் வெளிக்கணக்கில் நேரடியாகப் பங்குகொள்வது இங்கேதான். தொழிலாளர் பணவனுப்பல்கள் 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5 பில்லியன், 2022இல் 3.8 பில்லியன். உழைப்பவர் தொகை குறைந்ததால் வந்த வீழ்ச்சி அன்று இது. வங்கி ஒரு டொலருக்கு 200 ரூபா கொடுத்தபோது உண்டியல்காரர் அதைவிட வெகுவாகக் கூடுதலாகக் கொடுத்தார். உண்டியல் முறையில், கட்டாரில் உழைப்பவர் அங்குள்ள முகவரிடம் றியாலைக் கொடுக்கிறார். கல்முனையில் அவருடைய குடும்பத்துக்கு ரூபா வந்து சேர்கிறது. வெளிநாட்டு நாணயம் நாட்டுக்குள் வருவதே இல்லை, அது வங்கிக்கு வெளியே நடக்கும் இறக்குமதிகளுக்குப் பணமாகிறது. குடும்பம் குற்றம் செய்யவில்லை, பிள்ளைகளின் செலவுக்கு நியாயமான விலையைத் தேடியது. பொய்யான வீதமே டொலரை வங்கியிலிருந்து விரட்டியது. 1,000 சவூதி றியால், டொலர் 200 ரூபாவாக இருந்தபோது வங்கியில் ஏறத்தாழ 53,000 ரூபா. 360 ரூபாவில் 96,000 ரூபா. வங்கி வீதத்துக்கும் உண்டியல் வீதத்துக்கும் இடையிலான இடைவெளி மறைந்ததும் பணம் வங்கிக்குத் திரும்பத் தொடங்கியது, ஆனால் அதற்கும் தாமதம் இருந்தது. நம்பிக்கை மீளப் பல மாதங்கள் ஆயின. 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழிலுக்காக நாட்டை விட்டுச் சென்றனர். 2023இல் பணவனுப்பல் ஏறத்தாழ 6 பில்லியன் டொலராகவும், 2024இல் 6.6 பில்லியனாகவும் உயர்ந்தது. 2023இல் நடைமுறைக் கணக்கு 1977க்குப் பின் முதல் முறையாக உபரி கண்டது. மதிப்பிறக்கத்தின் ஏறுமுகக் கோடு என ஒன்று இலங்கையில் இருந்தால், சுற்றுலாவின் மீட்சியோடு சேர்ந்து, இந்தப் பணமே அதை வரைந்தது. பண்ட ஏற்றுமதி அன்று.

இதே கணக்கின் சேவைப் பகுதியில் ஹஜ் பயணமும் அடங்கும். புனிதப் பயணத்துக்காக நாட்டிலிருந்து செல்லும் டொலர் பண்ட இறக்குமதியில் எழுதப்படுவதில்லை, சேவை இறக்குமதியாகப் பதிவாகிறது. 2022இல் டொலர் நெருக்கடியைக் கருதி அவ்வாண்டு ஒதுக்கீட்டைப் பயன்படுத்தாமல் விடுவதென ஹஜ் முகவர் சங்கங்கள் முதலில் அறிவித்தன. வாழ்நாள் முழுவதும் சேமித்தவர்களிடம் இந்தச் சுருக்கம் கேட்ட விலை எந்த நெகிழ்ச்சிக் கணக்கிலும் அடங்காது.

2024இல் வர்த்தகப் பற்றாக்குறை மீண்டும் 6.1 பில்லியன் டொலராக விரிந்தது; 2025 பெப்ரவரியில், 2020 முதல் நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. கதவை மூடிப் பெற்ற சீரமைப்பு, கதவு திறக்கும்போது தளரத்தான் செய்யும். அது தளராதிருக்க வேண்டுமானால் ஜே வளைகோட்டின் மேலெழும் பகுதியைத் தாங்கும் உற்பத்தித் திறன் முன்னரே கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒலுவில் துறைமுகம் அத்தகைய திறனாக இருந்திருக்கக் கூடியது. டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தின் வாயிலை மணல் அடைத்தது. அலைத்தடுப்புகள் மணலின் இயல்பான ஓட்டத்தை மாற்றியதால் அயற்கரைகள் அரிக்கப்பட்டு, தென்னைகளும் நிலங்களும் கடலுக்குப் போயின. ரூபா மலிந்து மீனுக்கு டொலரில் கிடைக்கும் வருமானம் ரூபாவில் பெருகியபோது, ஆழ்கடல் படகுகள் தடையின்றி வந்து போகவும், பிடித்த சூரையைப் பனிக்கட்டியில் காத்து ஏற்றுமதிக்கு அனுப்பவும் கூடிய துறை இக்கரையில் செயல்படும் நிலையில் இல்லை. வெளிநாட்டு நாணயத்தில் பெறும் கடனின் ரூபாச் சுமை ஒவ்வொரு மதிப்பிறக்கத்தோடும் உயர்கிறது. ஒலுவிலின் வாயில் மணலை அகற்றுவதற்கு வேண்டிய டீசலும் டொலரிலேயே வாங்கப்படுகிறது.